கூழ் விற்கிற அக்கா வீட்டில் ஏன் ரேஷன் அரிசிச் சோறு? கேழ்வரகு யாருக்கான சாப்பாடு?

காலை பதினோரு மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் ஏரியா பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு கூழ் வண்டி நிற்கும். பெரிய எவர்சில்வர் அண்டா, பக்கத்தில் தட்டுகளில் மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம், வறுத்த கருவாடு. ஆட்டோக்காரர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், டெலிவரி பையைத் தோளில் மாட்டிய பசங்க என்று கூட்டம் மொய்க்கும். ஒரு சொம்பு 20 ரூபாய். குடித்தால் மதியம் ரெண்டு மணி வரைக்கும் பசி எட்டிப் பார்க்காது.

அதே ரோட்டில் நூறடி தள்ளி ஒரு ஆர்கானிக் கடை. ஏ.சி. உண்டு. அங்கேயும் கேழ்வரகுதான். ஆனால் குக்கீஸாக, நூடுல்ஸாக, 'மல்ட்டி மில்லட் மிக்ஸ்' ஆக. குக்கீஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தன்.

ஒருநாள் கூழ் விற்கும் அக்காவிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "வீட்லயும் கூழ்தானாக்கா?"

சிரித்துவிட்டார். "வீட்ல ரேஷன் அரிசிச் சோறுதாம்ப்பா. கேவுரு கிலோ அம்பது ரூபா. நாலு பேரு வயித்துக்கு அத வாங்கி ஆக்குனா எனக்குக் கட்டுபடி ஆவுமா? இது யாவாரத்துக்கு."

அவர் விற்கிற சாப்பாட்டை அவராலேயே தினமும் சாப்பிட முடியவில்லை. பூமிக்கு நல்லது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சுகருக்கு நல்லது என்று பத்து வருஷமாகச் சிறுதானியத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் ஐ.நா. சபை 2023-ஐ 'சர்வதேச சிறுதானிய ஆண்டு' என்றே அறிவித்தது. அதன் பிறகும் அந்த அக்காவின் கணக்கு மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதற்கு ஆராய்ச்சியாளர்களிடம் பதில்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி, வயலைப் பற்றியதே இல்லை.

அரிசி மலிவா, மலிவாக்கப்பட்டதா?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரிசியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச் சோறு பார்த்த குடும்பங்கள் ஏராளம். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், கேழ்வரகு. வீட்டில் தினமும் அரிசிச் சோறு பொங்குகிறது என்றால் கொஞ்சம் வசதி வந்துவிட்டது என்று அர்த்தம். கூழும் களியும் வறுமையின் அடையாளமாகவே இருந்தன. அந்த நினைவு இருக்கிறவர்களிடம் போய், 'பழையபடி களி சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது' என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பாட்டியாக இருந்தால் கரண்டியை எடுத்திருப்பார்.

1966-ல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. குட்டை ரகம், உரம் போட்டால் சாயாது, விளைச்சல் அள்ளும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளும் அரசும் சேர்ந்து பசுமைப் புரட்சியை முன்னெடுத்தார்கள். அணைத் தண்ணீர், உர மானியம், கொள்முதல் நிலையம், குடோன், ரேஷன் கடை என்று நெல்லையும் கோதுமையையும் சுற்றி ஒரு பெரிய ஏற்பாடே எழுந்தது. தமிழ்நாட்டில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காத பொது விநியோகம் இது. இதனால் இங்கே பட்டினி குறைந்தது. அதை மறுக்க முடியாது.

ஆனால் 'விலையில்லா' என்றால் செலவில்லை என்று அர்த்தம் இல்லையே. நெல்லை வாங்கி, அரைத்து, மூட்டை கட்டி, லாரி ஏற்றி, சேமித்து வைக்க இந்திய உணவுக் கழகத்துக்கு 2023-24-ல் ஆன செலவு கிலோவுக்கு 39 ரூபாய்க்கு மேல்.

இப்போது ஒரு சின்ன கணக்குப் போடலாம். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். கேழ்வரகுக்கு 4,886 ரூபாய். பார்த்தால் இரண்டு மடங்கு. ஆனால் 100 கிலோ நெல்லை அரைத்தால் பச்சரிசியாகக் கிடைப்பது 67 கிலோதான். அப்படிப் பார்த்தால் அரைப்புக் கூலி சேர்க்காமலே ஒரு கிலோ அரிசியின் அடக்கம் 35 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. மாநில அரசு தரும் ஊக்கத்தொகை தனி. கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலையே கிடையாது, அப்படியே மாவாக்கலாம். அதன் அடக்கம் 49 ரூபாய். ஆக, வயலிலிருந்து வரும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 13, 14 ரூபாய்தான். கடைக்கு வரும்போது ஒன்று இலவசம், இன்னொன்று 50 ரூபாய்.

இந்த இடைவெளியை உண்டாக்கியது மண்ணோ மழையோ இல்லை. எந்தத் தானியத்துக்கு அரசு பணம் கட்டுகிறது என்கிற முடிவுதான்.

இதையே அமர்த்தியா சென் வேறு விதமாகச் சொன்னார். 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, 1981-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் வைத்த வாதம் இன்றைக்கும் உணவு ஆராய்ச்சியின் அஸ்திவாரம். அந்த ஆண்டு வங்காளத்தில் உணவு இருப்பு, பஞ்சமில்லாத 1941-ஐவிட மோசமாக இல்லை. ஆனால் கூலித் தொழிலாளிகளாலும் மீனவர்களாலும் அதை வாங்க முடியவில்லை என்றார். ஊரில் உணவு இருப்பதும், அதை எடுத்துச் சாப்பிடும் சக்தி ஒருவருக்கு இருப்பதும் வேறு வேறு.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

2018-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கைல் டேவிஸ் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். நெல்லுக்குப் பதிலாகச் சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றில் அந்தந்த மாவட்டத்துக்குப் பொருந்துவதைப் போட்டால் என்ன ஆகும்? பாசனத் தண்ணீர்த் தேவை 33 சதவிகிதம் குறையலாம். கிடைக்கும் இரும்புச்சத்து 27 சதவிகிதமும், துத்தநாகம் 13 சதவிகிதமும் கூடலாம்.

'கூடலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இது கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு. விவசாயி மாறுவாரா, மக்கள் சாப்பிடுவார்களா என்பதெல்லாம் அதற்குள் இல்லை. இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய் 'நெல்லை விடுங்க, தினை போடுங்க' என்று சொன்னால் சிரிப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும் களிமண் வயலில், சம்பா பருவத்தில் நெல்லைத் தவிர வேறு என்ன நிற்கும்? டெல்டாவில் பேச வேண்டியது வேறு: நெல்லையே குறைந்த தண்ணீரில் விளைவிப்பது. ஒற்றை நாற்று நடவு, காயவிட்டுப் பாய்ச்சுவது போன்ற முறைகள் அங்கே வந்து ரொம்ப காலமாகிறது. ஒற்றை நாற்று முறைக்குத் தமிழக அரசு 'ராஜராஜன் 1000' என்று பெயரே வைத்தது. வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்காவிட்டால் மீத்தேன் வாயுவும் குறையும்.

சிறுதானியத்தின் இடம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலை, தெற்கே விருதுநகர், தூத்துக்குடி பக்கம் இருக்கும் மானாவாரிக் காடுகள். மழையை நம்பிய மண்.

சத்து விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 8 மில்லிகிராம்கூடத் தேறாது. இரும்புச்சத்து கேழ்வரகில் 4.6, அரிசியில் 0.65 மில்லிகிராம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை. ரேஷன் கடைகள் சிறப்பாக நடக்கும் மாநிலம் என்று பெயர் வாங்கிய நம் மாநிலத்தில்தான் இந்த நிலைமை. வயிறு நிரம்புகிறது, ரத்தம் ஊறவில்லை.

இதற்கு அரசு எடுத்த வழி, செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செயற்கை அரிசி மணியை 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்து கொடுத்தார்கள். ஊறவைக்கும்போது மிதக்கிறதே, 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்களே, அதுதான். பிளாஸ்டிக் எல்லாம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. தானியத்தைத் தீட்டி, சத்தை எடுத்துவிட்டு, அப்புறம் ஃபேக்டரியில் சத்தைச் செய்து திரும்பக் கலப்பதைவிட, சத்து உள்ள தானியத்தையே கொஞ்சம் கொடுத்தால் என்ன?

உலக்கை யார் கையில்?

கொடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஆர்கானிக் கடை போர்டுகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

சிறுதானியம் என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே, அதில் ரெண்டு ஜாதி. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் கதிர் அடித்தாலே சாப்பிடத் தயார். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் மேலே கெட்டியான உமி உண்டு. அதை நீக்கினால்தான் அரிசி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணியில் உமியை மட்டும் உரித்து, உள்ளே இருக்கும் தவிட்டை விட்டுவைப்பது லேசான வேலையில்லை. அதிலும் வரகு படுத்துகிற பாடு சொல்லி மாளாது, உமி அத்தனை கெட்டி. நெல் மில்லில் போட்டால் வேலைக்கு ஆகாது. அந்த ரோலர்கள் நெல் அளவுக்குச் செய்தவை.

அப்படியானால் காலம் காலமாக இதை யார் செய்தார்கள்? பெண்கள். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து. காட்டு வேலை முடித்து வந்து, இரவுச் சோற்றுக்காக.

கொல்லிமலைக் கதை இதற்கு நல்ல உதாரணம். நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் மலை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று ஒவ்வொன்றிலும் பல உள்ளூர் ரகங்களை வைத்திருந்த பழங்குடி மக்களின் ஊர். சென்னையில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்கிறது. அவர்கள் கண் முன்னாலேயே சிறுதானியப் பரப்பு சரிந்தது. அந்த இடத்தைப் பிடித்தது மரவள்ளிக் கிழங்கு. கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி. சாமையைக் குத்த வேண்டிய அவசியமே இல்லை.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது 'பாரம்பரியம் அழிகிறது' என்று தெரியும். உலக்கை பிடித்துக் கை காய்த்துப்போன ஒரு பெண்ணுக்கு அது விடுதலை. இந்த இரண்டாவது பார்வையைப் புரிந்துகொண்ட பிறகே அங்கே விஷயம் நகர ஆரம்பித்தது என்பது என் அபிப்பிராயம். விதை வங்கி, வரிசை நடவு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், சரி. அதோடு கிராமத்துக்குள்ளேயே உமி நீக்கும் சின்ன இயந்திரங்களை வைத்து, அவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களின் கையில் கொடுத்தார்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை ஜவ்வாது மலை, அஞ்செட்டி பக்கங்களில் செய்ததிலும் உமி நீக்கும் இயந்திரம் முக்கியமான இடத்தில் இருக்கிறது.

உள்ளூரில் மில் இல்லையென்றால் என்ன ஆகும்? மலையில் விளைந்த சாமை மூட்டை, வியாபாரி கைக்குப் போய், ஊர் தாண்டி ஆலைக்குப் போய், தீட்டப்பட்டு, பாக்கெட் ஆகி, கிலோ நூறு ரூபாய்க்குக் குறையாத விலையில் திரும்பி வரும். விளைவித்தவர் வாங்கிச் சாப்பிட முடியாது. ஆலையில் இன்னொரு சேதமும் நடக்கிறது. வெள்ளையாக, பளபளவென்று இருந்தால்தான் நகரத்தில் விற்கிறது என்று தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுகிறார்கள். அப்படித் தீட்டினால் நார்ச்சத்தும் தாது உப்புகளும் குறைந்து, மாவுச்சத்தின் விகிதம் கூடிவிடுகிறது. சுகர் இருக்கிறது என்று வெள்ளை வெளேர் சாமை அரிசியை அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். லேசாகப் பழுப்பு நிறத்தில், தவிட்டு வாசனையோடு இருப்பதை வாங்குங்கள். கம்பு மாவை மட்டும் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள்; கம்பில் கொழுப்பு அதிகம், ஒரு வாரம் பத்து நாளில் சிக்கு வாசனை வந்து கசந்துவிடும். கம்பு மாவை ரேஷனில் கொடுக்க முடியாமல் இருப்பதற்கும் இதுவே பெரிய தடை.

கினோவா சொன்ன பாடம்

நகரத்துக்காரர்கள் விரும்பி வாங்கினால் விவசாயிக்கு லாபம்தானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்கு ஏற்கெனவே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2013-ஐ ஐ.நா. 'சர்வதேச கினோவா ஆண்டு' என்று அறிவித்தது. பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாழ் மக்கள் காலம் காலமாகச் சாப்பிட்ட தானியம் அது. அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் 'சூப்பர் ஃபுட்' ஆனதும் விலை எகிறியது. 'பணக்காரர்கள் சாப்பிடுவதால் ஏழைகள் தட்டில் கினோவா காணாமல்போகிறது' என்று பத்திரிகைகள் எழுதின.

பெருவில் பொருளாதார ஆய்வாளர்கள் வீட்டுச் செலவுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது நிலைமை அந்த அளவுக்கு மோசமில்லை என்று தெரிந்தது. விலை ஏறிய காலத்தில் அந்தப் பகுதிக் குடும்பங்களின் நிலை சற்று மேம்படவே செய்திருந்தது. பிரச்னை அதற்குப் பிறகு வந்தது. விலையைப் பார்த்து மற்ற நாடுகளும் பெருவின் கடலோரப் பெரிய பண்ணைகளும் பயிரிட ஆரம்பிக்க, 2014-க்குப் பிறகு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. மலை மேல் இருந்த சின்ன விவசாயிதான் மாட்டிக்கொண்டார்.

நம் ஊரிலும் சாமைக்கும் தினைக்கும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. சாமை, தினை, வரகு, குதிரைவாலி கிடையாது. சத்தீஸ்கர் தன் சொந்த முடிவில் வரகுக்கும் சாமைக்கும் விலை அறிவித்துக் கொள்முதல் செய்தது. ஃபேஷன் இருக்கும் வரை வாங்குகிற சந்தையை நம்பி ஐந்து ஏக்கர் காட்டை யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஒடிசாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2017-ல் ஏழு மாவட்டங்களில், 30 வட்டாரங்களில் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். முதல் குறிக்கோளே 'ஏற்றுமதி' இல்லை, விளைவிக்கிற வீட்டிலேயே சாப்பிட வைப்பது. கேழ்வரகை ஆதரவு விலைக்கு அரசு வாங்கியது. ரேஷனில் கொடுத்தது. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டு பிடித்துக் கொடுத்தது. அரைக்கும் இயந்திரங்கள் மகளிர் குழுக்களிடம் போயின. வாங்க ஆள் நிச்சயம் என்று தெரிந்ததும் விவசாயிகள் தாமாகவே திரும்பி வந்தார்கள். பக்கத்துக் கர்நாடகத்திலும் இதே கதை, கொஞ்சம் பழையது. அங்கே லட்சுமணையா என்ற விஞ்ஞானி, இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் ஒட்டி 'இண்டாஃப்' என்ற அதிக விளைச்சல் ரகங்களை உருவாக்கினார். 'ராகி லட்சுமணையா' என்றே அவருக்குப் பெயர். நெல்லுக்குக் கிடைத்த மாதிரி ஆராய்ச்சிக் கவனமும், அரசுக் கொள்முதலும் கிடைத்த ஒரே சிறுதானியம் அந்த மாநிலத்துக் கேழ்வரகுதான் என்றுகூடச் சொல்லலாம். ராகி முத்தே அங்கே இன்னும் சாதாரண ஹோட்டலில் கிடைக்கிறது.

ரெண்டு கிலோவில் என்ன ஆகும்?

தமிழ்நாடும் தொடங்கியிருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில், ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் ஆரம்பமானது. தர்மபுரியில் விவசாயிகளிடம் நேரடிக் கொள்முதலும் நடந்தது. சரியான ஊர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தர்மபுரிப் பக்கம் களி இன்னும் அன்னியமாகிவிடவில்லை.

இதை ஏன் மாநிலம் முழுக்கச் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்காக இன்னொரு கணக்கு. இங்கே குடும்ப அட்டைகள் 2 கோடிக்கும் மேல். 2 கோடி என்றே வைத்துக்கொள்வோம். அட்டைக்கு மாதம் 2 கிலோ என்றால் 40,000 டன். வருஷத்துக்கு 4.8 லட்சம் டன். சமீப ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மொத்தக் கேழ்வரகு விளைச்சலே இதைவிடக் குறைவு. நாளைக்கே அறிவித்தால் வெளிச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறி, நம் கூழ் வண்டி அக்காவின் பிழைப்பில்தான் முதலில் மண் விழும்.

அதனால் இது மெதுவாகத்தான் நடக்க முடியும். மாவட்டம் மாவட்டமாக, விளைச்சல் கூடக் கூட. அதற்குக் கொள்முதல் நிலையம் அறுவடைக்கு முன்பே திறக்க வேண்டும். நெல்லுக்கு நடப்பதுபோல மூட்டையோடு வாரக்கணக்கில் காத்திருக்க வைத்தால் விவசாயி அடுத்த வருஷம் திரும்பிப் பார்க்க மாட்டார். காட்டுப்பன்றியும் யானையும் கதிரைத் தின்னும் மலையோரங்களில் இழப்பீடு சீக்கிரம் வர வேண்டும். எல்லாருக்கும் கொடுக்க முடியாத நிலையில் முதலில் யாருக்குக் கொடுப்பது என்றால், என் ஓட்டு பள்ளிக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். சத்துணவும் காலை உணவும் போடும் சமையற்கூடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே மொத்தமாக ஆக்குவதால், வீட்டுப் பெண்ணின் தலையில் கூடுதல் வேலை விழாது.

ரேஷனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. அரிசியோடு துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கொடுக்கிறோம். பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. நம் கடலைக்காரரும் தேங்காய்க்காரரும் விலை இல்லை என்று போராடுகிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

கேழ்வரகுக்கே திரும்பலாம். ரேஷனில் கிடைப்பது முழுத் தானியம். கல், மண் பொறுக்கி, கழுவி, மாடியில் காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப்போய், கூலி கொடுத்து அரைத்து வர வேண்டும். தர்மபுரியில் தெருவுக்குத் தெரு மாவு மில் இருக்கும். சென்னையில் ஒரு ஹவுஸிங் போர்டு குடியிருப்பில்? காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பி, இரவு எட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்த ரெண்டு கிலோ, சாப்பாடா, கூடுதல் சுமையா? அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தால் மூன்று விசிலில் சோறு. களி கிண்டத் துடுப்பும் தெம்பும் வேண்டும், பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். உணவு ஆராய்ச்சியில் தண்ணீரையும் கார்பனையும் அளக்கிற மாதிரி, சமைக்கிறவரின் நேரத்தையும் அளந்து ஒரு பத்தியில் போட வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

போன வாரம் மறுபடி கூழ் வண்டிக்குப் போயிருந்தேன். தர்மபுரியில் ரேஷனிலேயே கேழ்வரகு தருகிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இங்கயும் குடுத்தா வாங்குவீங்களாக்கா?"

அண்டாவில் இருந்த கூழை ஒரு கலக்கு கலக்கிவிட்டு யோசித்தார். "மாவா குடுத்தா கண்டிப்பா வாங்குவேன். புள்ளைங்களுக்குக் காலைல ஊத்திக் குடுத்துட்டு வந்துரலாம். முழுசா குடுத்தாங்கன்னா... இந்த ஏரியால இருந்த ஒரு மில்லையும் மூடி ரெண்டு வருஷம் ஆச்சேப்பா. நானே இப்ப யாவாரத்துக்கு மாவு அரைக்க பஸ் புடிச்சுத்தான் போறேன்."

அடுத்த ஆள் சொம்பை நீட்ட, அவர் ஊற்றப் போய்விட்டார்.